அரோரா 1897: செவ்வாயிலிருந்து வந்தவனும் ஒரு டெக்சஸ் இடுகாடும்

1897 ஏப்ரல் 19, திங்கட்கிழமை. அன்றைய டல்லஸ் மார்னிங் நியூஸ் நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்தது. தலைப்பு, ‘காற்றாலை அதைத் தகர்த்தது’. டெக்சஸ் மாநிலம் வைஸ் மாவட்டத்தில் உள்ள அரோரா என்ற சிற்றூரிலிருந்து, ஏப்ரல் 17 என்று தேதியிட்டு, எஸ். இ. ஹேடன் என்பவர் அனுப்பிய செய்தி அது. ஹேடன் முழுநேர நிருபர் அல்லர். பருத்தி வாங்கி விற்றவர். அவ்வப்போது ஊர்ச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவார்.

வேற்றுக் கோளிலிருந்து வந்த ஒருவன் அரோராவில் விழுந்து செத்தான், ஊர்க்காரர்கள் அவனைத் தங்கள் இடுகாட்டிலேயே அடக்கம் செய்தார்கள், இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறான் என்ற ஊர்க்கதை முழுவதும் இந்த ஒரு பத்தியின் மேல்தான் நிற்கிறது. ஃபோர்ட் வொர்த் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 25 மைல் தொலைவில் இருக்கும் அரோராவின் மக்கள்தொகை இப்போதும் ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் பறக்கும் தட்டு விவகாரங்களைப் படிக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த ஊரின் பெயர் தெரிந்திருக்கும்.

இந்த நிகழ்வைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே தவறைச் செய்கின்றன. 1897-ல் எழுதப்பட்டதையும் 1973-ல் சொல்லப்பட்டதையும் ஒன்றாகக் கலந்து, ஒரே சம்பவத்தின் விவரங்கள் போல அடுக்கிவிடுகின்றன. இரண்டையும் பிரித்து வைத்துவிட்டால் வழக்கு தானாகவே தெளிந்துவிடும் என்பது என் கருத்து. அதைத்தான் இங்கே செய்யப்போகிறேன்.

ஹேடன் எழுதியது

காலை ஆறு மணி. சீக்கிரம் எழுந்த அரோரா மக்கள், நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த அந்த ஆகாயக் கப்பல் திடீரென்று தங்கள் ஊருக்கு மேலே வருவதைப் பார்த்து அசந்துபோனார்கள். நேர் வடக்காகப் போய்க்கொண்டிருந்தது. முன்பு பார்த்ததைவிட மிகவும் தாழ்ந்து வந்தது. இயந்திரத்தில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் வேகம்தான். அதாவது 16 முதல் 19 கிலோமீட்டர். ஊர்ச் சதுக்கத்தின் மேலாகவே மிதந்து வந்து, வடகோடியில் நீதிபதி ப்ராக்டரின் காற்றாலைக் கோபுரத்தில் மோதி, பெரும் சத்தத்துடன் வெடித்துச் சிதறியது. சிதறல்கள் பல ஏக்கருக்குப் பரவின. காற்றாலை போனது, தண்ணீர்த் தொட்டி போனது, நீதிபதியின் பூந்தோட்டமும் நாசமானது.

காற்றாலை என்றதும் மாவரைக்கும் ஆலை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கப் பண்ணைகளில் கிணற்றுக்கு மேல் கோபுரம் கட்டி, காற்றாடி சுழல்கிற விசையில் நீர் இறைப்பார்களே, அதுதான்.

கப்பலில் ஒருவன் மட்டுமே இருந்திருக்க வேண்டும் என்கிறார் ஹேடன். உடல் மோசமாகச் சிதைந்திருந்தாலும், அவன் இந்த உலகத்தைச் சேர்ந்தவன் அல்ல என்று காட்டுகிற அளவுக்கு மிச்சம் கிடைத்ததாம். அந்த ஊரில் இருந்த அமெரிக்க சிக்னல் சர்வீஸ் (ராணுவத் தகவல்தொடர்புப் பிரிவு) அதிகாரியும் வானியல் அறிந்தவருமான டி. ஜே. வீம்ஸ், இறந்தவன் செவ்வாய்க் கோளைச் சேர்ந்தவன் என்று கருத்துச் சொன்னார். அவனிடம் இருந்த தாள்களில் யாராலும் படிக்க முடியாத சித்திர எழுத்துகள். கப்பல் எப்படிக் கட்டப்பட்டது, எந்த விசையில் ஓடியது என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நொறுங்கிவிட்டது. பார்த்தால் அலுமினியமும் வெள்ளியும் கலந்தது போன்ற, இன்னதென்று தெரியாத உலோகம். பல டன் எடை இருந்திருக்க வேண்டும். ஊர் முழுக்கக் கூட்டம், எல்லோரும் அந்த விசித்திர உலோகத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வரி: விமானியின் அடக்கம் நாளை நண்பகலில் நடக்கும்.

அவ்வளவுதான், செய்தி முடிந்தது.

இதில் என்னென்ன இல்லை என்று கவனியுங்கள். அவனை எங்கே புதைக்கப்போகிறார்கள் என்று இல்லை. அவன் குள்ளமா, நெட்டையா, என்ன நிறம், கை கால் எப்படி என்று ஒரு சொல்கூட இல்லை. உடைந்த துண்டுகளைக் கிணற்றில் போட்டதாக இல்லை. கண்ணால் பார்த்தவர் ஒருவரின் பெயரும் இல்லை. பெயருடன் வருபவர்கள் இரண்டே பேர்: தோட்டத்தைப் பறிகொடுத்த ப்ராக்டர், கருத்துச் சொன்ன வீம்ஸ். ‘நான் பார்த்தேன்’ என்று ஹேடனும் எழுதவில்லை. கல்லறை, சின்ன உருவம், நச்சுக் கிணறு என இன்று அரோரா கதையின் உயிராக இருப்பவை எல்லாம் இந்த மூலத்துக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை.

அந்த வசந்தகாலத்து வானம்

‘அந்த ஆகாயக் கப்பல்’ என்று ஹேடன் எழுதுகிறார். என்ன கப்பல், ஏது கப்பல் என்று வாசகருக்கு அவர் விளக்கவே இல்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை. 1896 நவம்பரில் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் இரவு வானத்தில் நகரும் வெளிச்சம் தெரிந்ததாகச் செய்தி கிளம்பியது. 1897 தொடக்கத்தில் அது நெப்ராஸ்காவுக்குப் பரவி, ஏப்ரல் மாதத்தில் சிகாகோவிலிருந்து டெக்சஸ் வரை எல்லா ஊர்ப் பத்திரிகைகளிலும் நிறைந்துவிட்டது. சுருட்டு வடிவம், முன்புறம் பெரிய விளக்கு, இறக்கைகள், சுழலும் விசிறி. ஹேடனின் செய்தி வந்த அதே பக்கத்திலும் வேறு ஊர்களிலிருந்து வந்த ஆகாயக் கப்பல் செய்திகள் இருந்தன.

யாரோ ஒரு அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ரகசியமாகக் கட்டிப் பறக்கவிடுகிறார், சீக்கிரமே காப்புரிமையுடன் வெளியே வருவார் என்றுதான் அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை நம்பின. கப்பல் தரையிறங்கியது, உள்ளே இருந்தவரிடம் பேசினேன், தண்ணீர் கேட்டார், எண்ணெய் கேட்டார் என்றெல்லாம் எழுதினார்கள். செவ்வாய் என்ற சொல் அபூர்வமாகத்தான் வந்தது. ஆனால் அந்தச் சொல் காற்றில் இருந்தது. இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி 1877-ல் செவ்வாயில் கோடுகளைப் பார்த்ததாகச் சொன்னார். பெர்சிவல் லோவெல் 1894-ல் அரிசோனாவில் ஆய்வகம் கட்டி, அந்தக் கோடுகள் அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று பிரசாரம் செய்தார். பத்திரிகை படிக்கிற எவருக்கும் செவ்வாயில் ஆள் இருக்கலாம் என்பது பழகிப்போன எண்ணம்.

இதே அலையில் கான்சஸ் மாநிலம் லீ ராய் ஊரில் இன்னொரு கதை எழுந்தது. அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற பண்ணைக்காரர், ஆகாயக் கப்பல் ஒன்று தன் கன்றுக்குட்டியைக் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு போனதாகச் சொன்னார். ஹாமில்டன் பொய் சொல்லாதவர் என்று ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுத்தார்கள். பல ஆண்டுகள் அந்தக் கதை உறுதியான ஆதாரமாகவே புத்தகங்களில் வலம்வந்தது. கடைசியில் பார்த்தால், ஹாமில்டனும் சான்று கொடுத்தவர்களும் ஒருவரை ஒருவர் மிஞ்சிப் புளுகுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்த ஒரு கூட்டத்தின் உறுப்பினர்கள் என்று தெரியவந்தது. அன்றைய சிற்றூர்ப் பத்திரிகை உலகில் இந்த வகைப் புளுகு குற்றமாகக் கருதப்படவில்லை. எழுதுபவர், அச்சிடுபவர், படிப்பவர் மூவரும் தெரிந்தே பங்கெடுத்த ஒரு கலை அது. ஹேடனின் பத்தியை அந்தச் சூழலில் வைத்துப் படிக்க வேண்டும்.

அலுமினியமும் வெள்ளியும்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அந்த உலோக வர்ணனை. அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் மின்பகுப்பு முறை 1886-ல்தான் வந்தது. அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1884-ல், வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் ஒரு சின்ன அலுமினியப் பிரமிடை வைப்பதற்கு முன்பு, அதை நகைக்கடையில் வைத்து மக்களுக்குக் காட்டினார்கள். 1897-ல் அலுமினியம் என்றால் எதிர்காலத்தின் உலோகம். எடை குறைவு, பளபளப்பு, துருப்பிடிக்காது. ஆகாயக் கப்பல் கட்டக் கனவு கண்ட எல்லோர் கண்ணும் அதன் மேல்தான் இருந்தது. அரோரா செய்தி வந்த அதே ஆண்டு நவம்பரில், டாவிட் ஷ்வார்ட்ஸ் வடிவமைத்த, உடல் முழுக்க அலுமினியத் தகடு வேய்ந்த ஆகாயக் கப்பல் பெர்லினில் மேலெழுந்தது. இறங்கும்போது நொறுங்கியும் போனது.

ஆகவே 1897-ல் ஒருவர் உட்கார்ந்து ‘நம்மிடம் இல்லாத உயர்ந்த உலோகம்’ ஒன்றைக் கற்பனை செய்தால், கை முதலில் போகிற இடம் அலுமினியம்தான். அதோடு கொஞ்சம் வெள்ளியும் சேர்த்துக்கொள்வார். பறக்கும் தட்டு என்ற பேச்சு கிளம்பிய 1947-க்குப் பிறகு இதேபோன்ற கதைகளில் வரும் உலோகம் கசக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும், நெருப்பில் எரியாது. ஒவ்வொரு காலத்துக் கதையும் அந்தக் காலத்து ஆய்வகம் எட்டிப்பிடிக்கத் துடித்த பொருளால் ஆனது. ஹேடனின் கப்பல் 1897-ன் கப்பல். வேற்றுக் கோளிலிருந்து வருகிறவன் தன் பயணக் குறிப்பைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பதும் அந்தக் காலத்து மனிதனின் கற்பனைதான்.

எடையையும் பாருங்கள். பல டன் எடையுள்ள ஒன்று, மனிதன் ஓடுகிற வேகத்தில், மெல்ல மெல்லத் தாழ்ந்து வருகிறது. அப்படி மிதக்க வேண்டுமென்றால் வாயுப் பை வேண்டும். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறத்தாழ 1.1 கிலோவைத் தூக்கும். மூன்று டன்னுக்கே 2,700 கன மீட்டருக்கு மேல் தேவை. அத்தனை பெரிய பையைப் பற்றியோ, வெடித்தபின் எஞ்சிய துணி, கயிறு பற்றியோ செய்தியில் ஒன்றும் இல்லை. வாயுப் பை இல்லாமல் வேறு ஏதோ விசையில் பறந்தது என்று வைத்துக்கொண்டாலும், அப்படிப்பட்ட இயந்திரம் ஊரின் கிணற்றுக் காற்றாடியில் போய் இடித்துக்கொண்டது என்பது சம்பவத்தைவிடக் கதைக்குத்தான் பொருந்துகிறது. தலைப்பே அதைத்தான் சொல்கிறது: வென்றது காற்றாலை.

ஏப்ரல் 18, நண்பகல்

இனி, இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத ஒரு தேதிக்கு வருவோம். செய்தி ஏப்ரல் 17, சனிக்கிழமை எழுதப்பட்டது. அடக்கம் ‘நாளை நண்பகல்’, அதாவது ஏப்ரல் 18. அந்த ஆண்டு ஏப்ரல் 18 ஈஸ்டர் ஞாயிறு.

அதை ஒரு நிமிடம் மனக்கண்ணில் பாருங்கள். 1890-களின் டெக்சஸ் கிராமம், உயிர்த்தெழுதலைக் கொண்டாடும் நாள். குடும்பம் குடும்பமாக ஆராதனைக்கு வந்து சேரும் நேரம். அன்றைக்குப் பார்த்து, அதே நண்பகலில், வேறொரு உலகத்தவனை மண்ணில் இறக்குகிறார்கள். எந்தப் போதகர் அதை நடத்தியிருப்பார்? செவ்வாயிலிருந்து வந்தவனுக்கும் மீட்பு உண்டா என்று யாராவது கேட்டிருக்க மாட்டார்களா? அந்த ஒரு கேள்வி போதும், சுற்றுவட்டாரத்துப் பிரசங்க மேடைகளில் பல வாரம் ஓடியிருக்கும். கடிதங்கள் பறந்திருக்கும். அப்படி ஒரு அசைவும் பதிவில் இல்லை. கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் நடந்தது என்று இன்று சொல்லப்படுகிறது. ஹேடனின் பத்தியில் அது கிடையாது.

இன்னொன்று. பத்திரிகை வெளிவந்தது திங்கட்கிழமை. ‘நாளை நண்பகல் அடக்கம்’ என்று டல்லஸ் வாசகர் படித்தபோது அந்த நாளை ஏற்கெனவே நேற்றாகிவிட்டது. கிளம்பி வந்து பார்ப்போம் என்று எவரும் நினைக்க இடமில்லாமல் கதை தன்னைத் தானே மூடிக்கொள்கிறது. அப்படியும், டன் கணக்கில் உலோகம் சிதறிக் கிடக்கும் ஊருக்குப் பத்திரிகை ஒரு நிருபரை அனுப்பியிருக்கலாமே? அனுப்பவில்லை. பின்தொடர் செய்தி எதுவும் வரவில்லை. தன்னிடம் வந்த செய்தியை அதை அச்சிட்ட பத்திரிகையே நம்பியதாகத் தெரியவில்லை.

ஊரே பொறுக்கிய உலோகத் துண்டுகள் என்ன ஆயின? பழைய மணியை, குதிரை லாடத்தை, போர்க்காலத் தோட்டாவைப் பேரன் பேத்திகளுக்கு எடுத்துவைக்கிற குடும்பங்கள் அவை. செவ்வாய்க் கப்பலின் துண்டு என்று ஒரு வீட்டு அலமாரியிலிருந்தும் ஒன்று வெளிவரவில்லை. படிக்க முடியாத தாள்களும் காணோம். ஒரு புளுகு என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தோன்றவில்லை.

ஊரின் நிலைமை

அப்படியானால் ஹேடன் ஏன் எழுதினார்? இங்கேதான் அரோரா மனத்தைத் தொடுகிறது.

அந்த இடுகாட்டின் வாசலில் டெக்சஸ் வரலாற்று ஆணையம் 1976-ல் நட்ட பலகை ஒன்று இருக்கிறது. விண்கப்பல் பற்றி அதில் ஒரே ஒரு வாக்கியம், அதுவும் ‘ஐதீகம்’ என்ற சொல்லுடன். பலகையின் மற்ற வரிகள் வேறு விஷயத்தைச் சொல்கின்றன. 1891-ல் ஊரைத் தாக்கிய கொள்ளைநோய் இங்கே நூற்றுக்கணக்கான கல்லறைகளைச் சேர்த்தது. உடலில் புள்ளி புள்ளியாகத் தடிப்பு வந்ததால் குடியேறிகள் அதைப் புள்ளிக் காய்ச்சல் என்றார்கள். மூளை உறை அழற்சியின் ஒரு வகையாக இருக்கலாம் என்று இன்று கருதுகிறார்கள். விளைச்சல் பொய்த்தது. ரயில் பாதை ஊரைத் தொடாமல் விலகிப் போனது. பருத்தியை நம்பிய ஊருக்கு ரயில் இல்லையென்றால் சந்தை இல்லை, சந்தை இல்லையென்றால் கடை இல்லை, வேலை இல்லை. பிழைக்க வழி தேடி ஒவ்வொரு குடும்பமாக வண்டி கட்டியது. 1901-ல் அஞ்சலகமும் மூடப்பட்டது.

அதே இடுகாட்டில், 1891-ல் பிறந்து 1893-ல் இறந்துபோன ஒரு பெண் குழந்தையின் நடுகல் இருக்கிறது. ‘இத்தனை சீக்கிரம் முடிந்துபோனேனே, எதற்காகத்தான் தொடங்கப்பட்டேனோ’ என்ற பொருளில் அதில் ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள். விண்வெளிக்காரனின் கல்லறையைத் தேடி வருகிற பலர் இந்தக் கல்லைத் தாண்டித்தான் போகிறார்கள். அரோராவைப் பற்றி எழுதுகிற யாரும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். 1897-ல் அந்த ஊருக்கு உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது இதுதான்.

வைஸ் மாவட்ட வரலாற்றை எழுதிய எட்டா பெகஸ் என்ற முதியவர், ஹேடன் அதை விளையாட்டாகவும் அரோராவின் மேல் கவனத்தைத் திருப்பவும்தான் எழுதினார் என்று பின்னாளில் டைம் இதழிடம் சொன்னார். ரயில் தங்களைக் கடந்து போய்விட்டது, ஊர் செத்துக்கொண்டிருந்தது என்பது அவர் தந்த காரணம். ப்ராக்டருக்குக் காற்றாலையே இருந்ததில்லை என்றும் சொன்னார். வீம்ஸ் வானியல் நிபுணர் அல்ல, ஊர்க் கொல்லர் என்பது உள்ளூரில் நெடுநாளாக இருந்துவரும் செய்தி. இதற்கு ஒரு துணைச் சான்றும் உண்டு. சிக்னல் சர்வீஸ் நடத்திவந்த வானிலை நிலையங்கள் எல்லாம் 1891-லேயே குடிமைத் துறையான வானிலைப் பணியகத்துக்கு மாறிவிட்டன. 1897-ல் ஒரு குக்கிராமத்தில் ‘சிக்னல் சர்வீஸ் அதிகாரி’ உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நம்புகிற மாதிரி இல்லை. ஊர்க்காரர்கள் படித்திருந்தால் கொல்லர் வீம்ஸைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். டல்லஸ்காரருக்கு அது தெரியாது.

1973: கதைக்கு இரண்டாம் பிறப்பு

அதற்குப் பிறகு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் எவரும் இதைத் தொடவில்லை. 1960-களில் பறக்கும் தட்டு ஆய்வாளர்கள் பழைய நாளிதழ்களைப் புரட்டத் தொடங்கியபோது ஹேடனின் பத்தி மறுபடி கைக்கு வந்தது. அப்போது விசாரித்தவர்களிடம், சம்பவத்தின்போது 11 வயதுச் சிறுவனாக இருந்த ஒரு முதியவர் அது கட்டுக்கதை என்றே சொன்னார்.

1973-ல் நிலைமை மாறியது. டல்லஸ் டைம்ஸ் ஹெரால்டின் விமானத் துறை எழுத்தாளர் பில் கேஸ், பறக்கும் தட்டு ஆய்வு அமைப்பான மூஃபானிலும் பொறுப்பு வகித்தவர். அவர் வரிசையாக எழுதத் தொடங்கினார். 91 வயதுப் பெண்மணி ஒருவர், தனக்கு 15 வயதானபோது தாய் தந்தையர் விபத்து இடத்துக்குப் போனார்கள், தன்னை மட்டும் கூட்டிப்போகவில்லை என்று நினைவுகூர்ந்தார். அப்போது பத்து வயதுப் பையனாக இருந்த இன்னொருவர், கப்பல் புகை கக்கிக்கொண்டு வடக்கே போனதைப் பார்த்ததாகவும், மறுநாள் அப்பா போய் நொறுங்கியதைப் பார்த்துவந்ததாகவும் சொன்னார்.

இவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. 76 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நிருபர் வந்து, அச்சான செய்தி ஒன்றை முன்னால் வைத்துக் கேட்கும்போது, சின்ன வயதில் வீட்டில் கேட்ட பேச்சும் படித்ததும் பார்த்ததும் ஒன்றாகிவிடுவது யாருக்கும் நேரக்கூடியது. இரண்டு சாட்சியங்களிலும் நொறுங்கிய கப்பலைச் சொன்னவர் நேரில் பார்க்கவில்லை, பெற்றோர் பார்த்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உடலைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இடுகாட்டில் கேஸ் ஒரு பழைய கல்லைக் கண்டார். அதன் மேல் கீறப்பட்டிருந்த வடிவம் தட்டு போலவும் அதில் வட்டச் சாளரங்கள் இருப்பது போலவும் தெரிந்தது. உலோகம் காட்டும் கருவி அங்கே ஒலித்தது. தோண்டிப் பார்க்க அனுமதி வேண்டும் என்று பறக்கும் தட்டுக் குழுவினர் கேட்டார்கள். இடுகாட்டுச் சங்கம் மறுத்துவிட்டது. கொஞ்ச நாளில் அந்தக் கல் காணாமல் போனது. மண்ணில் ஒரு குழாய் செருகப்பட்டிருந்தது, கருவியும் ஒலிப்பதை நிறுத்திவிட்டது. யாரோ உள்ளிருந்த உலோகத்தை எடுத்துவிட்டார்கள் என்று கேஸ் முடிவு கட்டினார்.

இந்தக் கல் விஷயத்தில் எனக்குள்ள சந்தேகம் எளிமையானது. 1897-ல் யாரும் தட்டு வடிவத்தில் கப்பலைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஆகாயக் கப்பல் சுருட்டு வடிவம். பறக்கும் ‘தட்டு’ என்ற எண்ணமே 1947-ல் கென்னத் ஆர்னால்ட் என்ற அமெரிக்க விமானி தந்த செய்திக்குப் பிறகு பிறந்தது. அப்படியானால் அந்தக் கீறல் 1947-க்குப் பிறகு செதுக்கப்பட்டது, அல்லது கல்லில் இயல்பாக இருந்த வெடிப்பை 1973-ன் கண்கள் தட்டாகப் பார்த்தன. எப்படியானாலும் 1897-க்குச் சாட்சியாக அது நிற்காது.

விபத்து நடந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் எடுத்த உலோகத் துண்டுகளும் சோதனைக்குப் போயின. ஒன்று பெரும்பாலும் இரும்பு, ஆனால் காந்தத்தில் ஒட்டவில்லை என்று நார்த் டெக்சஸ் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஒருவர் வியந்தார். காந்தத்தில் ஒட்டாத இரும்புக் கலவைகள் உண்டு. மாங்கனீஸ் எஃகு 1880-களிலேயே வந்துவிட்டது. பண்ணை நிலம், பின்னாளில் பெட்ரோல் நிலையம் என்று முக்கால் நூற்றாண்டு புழங்கிய மண்ணில் எந்தத் துண்டு எப்போது விழுந்தது என்று எப்படிச் சொல்வது?

கிணறு

ப்ராக்டரின் நிலத்தைப் பிற்காலத்தில் வாங்கியவர் பழைய கிணற்றைத் தூர்வாரிக் குடிநீருக்குப் பயன்படுத்தினார். அவருக்கு மூட்டுகள் முறுக்கிக்கொள்ளும் கடுமையான மூட்டுவாதம் வந்தது. கிணற்றில் கொட்டப்பட்ட கப்பல் துண்டுகள்தான் காரணம் என்று அவர் நம்பினார். 1957-ல் கிணற்றின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடினார். அவருடைய வலி உண்மை, அதைக் கேலி செய்ய எதுவும் இல்லை. ஆனால் மூட்டுவாதத்துக்கு விண்கப்பல் தேவையில்லை.

2008-ல் ஒரு தொலைக்காட்சிக் குழு வந்து, நிலத்தின் உரிமையாளர் அனுமதியுடன் கிணற்றைத் திறந்தது. உள்ளே கப்பல் துண்டு எதுவும் கிடைக்கவில்லை. தண்ணீரில் அலுமினியம் அதிகமாக இருந்தது. புவியின் மேலோட்டில் மிக அதிகமாக உள்ள உலோகமே அலுமினியம்தான், களிமண் முழுக்க அது இருக்கிறது. அதே குழு அங்கே ஒரு காற்றாலையின் அடித்தளத்தையும் கண்டது. ஆக, ‘ப்ராக்டருக்குக் காற்றாலையே கிடையாது’ என்று மறுப்பாளர்கள் பல காலம் சொல்லிவந்தது ஆட்டம் கண்டுவிட்டது. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதனால் நிரூபணமாவது அங்கே ஒரு காற்றாலை இருந்தது என்பது மட்டும்தான். ஊரை அறிந்த ஹேடன், கதைக்கு உண்மையான காற்றாலை ஒன்றையே தேர்ந்தெடுத்திருப்பார். இடுகாட்டில் தரை ஊடுருவும் ராடார் வைத்துப் பார்த்ததில், 1890-களின் கல்லறைகள் உள்ள பகுதியில் பெயரில்லாத ஒரு குழி தெரிந்தது. உள்ளே இருந்தது மிகவும் சிதைந்துபோனதால் எதையும் சொல்ல முடியவில்லை. கொள்ளைநோயில் நூற்றுக்கணக்கானவர்களைப் புதைத்த இடத்தில் பெயரில்லாத குழி இருக்கத்தான் செய்யும்.

பின்னர் வைக்கப்பட்ட மாற்றுக் கல்லையும் 2012-ல் யாரோ திருடிக்கொண்டு போனார்கள்.

என் முடிவு

1897 ஏப்ரல் 17 அன்று அரோராவில் எதுவும் விழவில்லை. ஹேடன் ஒரு புளுகை எழுதினார், நன்றாகவே எழுதினார். 1973-ல் அதன் மேல் நினைவுகளும் கல்லும் கிணறும் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றுகூட 1897-ல் எழுதப்பட்ட எதனுடனும் இணையவில்லை.

இடுகாட்டுச் சங்கம் தோண்ட மறுப்பதை ‘எதையோ மறைக்கிறார்கள்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அடையாளக் கற்கள் அழிந்துபோன, கொள்ளைநோயில் இறந்தவர்கள் நெருங்கிக் கிடக்கிற மண் அது. அங்கே மண்வெட்டி போட்டால் வெளிவரப்போவது யாரோ ஒரு குடும்பத்துப் பிள்ளையின் எலும்பு. சங்கம் சரியாகத்தான் செய்கிறது, இனியும் மறுக்கட்டும்.

வழக்கை மறுபடி திறக்க விரும்புகிறவர்கள் தேட வேண்டியது தாளை. அரோராவில் அப்போது அஞ்சலகம் இருந்தது. 1897 ஏப்ரல் கடைசி இரண்டு வாரங்களில் அங்கிருந்து உறவினர்களுக்குப் போன ஒரே ஒரு கடிதத்தில், ஒரு நாட்குறிப்பில், ஈஸ்டர் ஆராதனையைப் பதிந்த ஒரு சபைப் பதிவேட்டில், ப்ராக்டரின் தோட்டம் நாசமானது என்று ஒரு வரி இருந்தால்கூட நான் மேலே எழுதியதை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்க்கத் தயார். வைஸ் மாவட்டத்துப் பழைய குடும்பங்களின் பரண்களில் அந்தக் காலத்துக் கடிதக் கட்டுகள் இன்னும் கிடக்கக்கூடும். முதலில் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.